வீட்டுக்குள் வைத்த தொட்டிகளில் கறுப்பு ஈ, வெள்ளைப் பஞ்சு, துள்ளும் பூச்சி: எதற்கு எதைச் செய்வது?

வடவள்ளி மாடித்தோட்டம் | அக்டோபர் 26, காலை 7.40

வணக்கம். நான் கோயம்புத்தூர் வடவள்ளியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் இருக்கிறேன். வீட்டுக்குள் பதினான்கு தொட்டிகள் வைத்திருக்கிறேன். மணி பிளான்ட், பாம்புச்செடி, இசட் இசட் செடி, பீஸ் லில்லி, சன்னலோரத்தில் துளசி, சில சோற்றுக்கற்றாழை வகைகள் என்று கலந்து உள்ளன. ஐப்பசி மழை பிடித்த நாளிலிருந்து, தொட்டி மண்ணைத் தொட்டாலே கொசுவைவிடச் சிறிய கறுப்பு ஈக்கள் எழுந்து முகத்தில் மோதுகின்றன. இது முதல் தொல்லை. இசட் இசட் செடி மூன்று மாதமாக ஒரு குருத்தும் விடவில்லை; தொட்டியைத் தூக்கிப் பார்த்தபோது அடித்துளையைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருந்தது. பீஸ் லில்லியின் அடித்தட்டில் தேங்கிய நீரின் மேல் வெண்ணிறத் துகள்கள் துள்ளுகின்றன. இவை போதாவென்று, துளசி இருக்கும் மண்தொட்டியின் வெளிப்புறம் முழுவதும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

செடி வாங்கிய நர்சரியில் கேட்டதற்கு, ஒரு பொட்டலம் குருணை மருந்தைக் கொடுத்து, எல்லாத் தொட்டிகளிலும் ஒரு தேக்கரண்டி போட்டு நீர் ஊற்றினால் ஒரே வாரத்தில் அனைத்தும் ஒழிந்துவிடும் என்றார்கள். பொட்டலத்தின் மேல் பெயரும் இல்லை, அச்சிட்ட தாளும் இல்லை. வீட்டில் நான்கு வயதுப் பேத்தி இருக்கிறாள். மண்ணில் கை வைக்காமல் அவளுக்குப் பொழுது போகாது. ஆகவே பொட்டலத்தைப் பிரிக்காமல் பரண்மேல் வைத்துவிட்டு உங்களிடம் கேட்கிறேன்.

திருப்பூர் தொட்டிச்செடி | அக்டோபர் 26, காலை 9.15

அக்கா, பெயரில்லாத பொட்டலத்தைப் போட வேண்டாம் என்பதே என் எண்ணமும். ஆனால் கடையில் முறையாக விற்கும் குருணையை நான் ரோஜாத் தொட்டிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போட்டிருக்கிறேன், நல்ல பலன் கிடைத்திருக்கிறது. கையுறை அணிந்து, மண்ணுக்குள் இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்துவிட்டால் குழந்தைக்கு எட்டாது அல்லவா? வாரக்கணக்கில் வேப்பெண்ணெய் தெளித்துக்கொண்டிருக்க வேலைக்குப் போகிறவர்களால் முடிவதில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூச்சியியல் மாணவி | அக்டோபர் 26, பிற்பகல் 1.05

அம்மா, நீங்கள் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்தது மிகவும் சரி. அதைக் குப்பையிலோ சாக்கடையிலோ கொட்டாமல், கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் பக்கத்தில் குருணை என்றாலே பெரும்பாலும் போரேட் அல்லது கார்போபியூரான் என்றுதான் பொருள். போரேட் மருந்தைத் தடை செய்யும் ஆணை 2018இல் வந்து, 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அதன் பயன்பாடு முற்றிலும் நின்றிருக்க வேண்டும். பழைய இருப்பைப் பிரித்துப் பொட்டலம் கட்டி விற்பவர்களிடம் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. கார்போபியூரான் மனிதருக்கும் பறவைகளுக்கும் கடும் நஞ்சு.

திருப்பூர் அண்ணா, நீங்கள் சொல்லும் ரோஜா திறந்தவெளியில் இருப்பது. குருணை மண்ணில் கரைந்து வேர் வழியாக இலை வரை ஏறுகிற மருந்து. புதைத்துவிட்டால் அது புதைத்த இடத்திலேயே நிற்பதில்லை, அடித்தட்டில் வடியும் நீரிலும் வரும். இந்த வீட்டில் துளசியும் இருக்கிறது, அதைக் கிள்ளி வாயில் போடும் வழக்கமும் இருக்கும். அடைத்த அறைக்குள் இதற்கு இடமில்லை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

அம்மா எழுதியிருப்பவை நான்கு வெவ்வேறு செய்திகள். அவற்றுக்கு ஒரே மருந்து இருக்க முடியாது, இரண்டுக்கு மருந்தே வேண்டாம். எளிதானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மண்தொட்டியின் வெளிப்புறம் பூத்திருப்பது உப்பாக இருக்கலாம். போர்த் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில், தொட்டியின் நுண்துளை வழியாகக் கசிந்த நீர் காய்ந்து உப்பை விட்டுச் செல்லும். ஈரத்துணியால் துடைத்து, அதன்மேல் சிறிது வினிகர் தடவிப் பாருங்கள். நுரைத்துக் கரைந்தால் அது சுண்ணாம்பு உப்பு, பூச்சி இல்லை. தட்டில் துள்ளுபவை ஸ்பிரிங்டெயில் எனப்படும் மிகச் சிறிய பூச்சி போன்ற உயிர்கள். வயிற்றின் அடியில் மடித்து வைத்திருக்கும் கவட்டை போன்ற உறுப்பை விசை போல அடித்துத் துள்ளும். அவை மட்கும் இலையையும் பூஞ்சையையும் தின்பவை, நல்ல வேரைத் தொடுவது அரிது. அந்தத் தட்டில் நீர் நாள்கணக்கில் தேங்குகிறது என்பதற்கு அவையே சான்று. தட்டை வடித்துவிடுங்கள், அவை குறைந்துவிடும்.

ஈயையும் பஞ்சையும் பற்றிச் சொல்வதற்கு முன் நீங்கள் இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். ஈ உண்மையிலேயே தொட்டி மண்ணிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். வாழைப்பழத் தட்டைச் சுற்றும் சிவந்த கண்ணுள்ள ஈ வேறு. குளியலறைச் சுவரில் அந்துப்பூச்சி போல மயிரடர்ந்த சிறகை விரித்து உட்காரும் ஈ வேறு. தொட்டி ஈ மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்டது, இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் நீளம் இருக்கும், பறப்பதைவிட மண்மேல் ஓடுவதே அதிகம். உருப்பெருக்கியில் பார்த்தால் சிறகின் நடுவே கவட்டைக்கோல் போலப் பிளந்த நரம்பு தெரியும். இதைக் காளான் பண்ணை வைத்திருப்பவர்கள் காளான் ஈ என்று நன்றாக அறிவார்கள். உருளைக்கிழங்கை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லையாக அரிந்து, ஒவ்வொரு தொட்டியிலும் ஒன்றை மண்ணோடு அழுந்தும்படி வைத்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி போன்ற வெள்ளை உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையும் கொண்ட காலில்லாப் புழு இருந்தால் அந்தத் தொட்டி ஈயின் இருப்பிடம்.

பஞ்சுக்கு, இசட் இசட் செடியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் மண்கட்டியோடு உருவிப் பாருங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் பூச்சி ஆகிவிடாது. மண்கலவையில் சேர்க்கும் வெள்ளைப் பெர்லைட் கல் நகத்தில் நொறுங்கும். நன்மை செய்யும் பூஞ்சை இழை நூல்நூலாகப் பரவி நீர் பட்டதும் படிந்துவிடும். வேரில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் வேர் மாவுப்பூச்சியின் மெழுகில் நீர் ஒட்டாமல் முத்தாக உருளும், அதை விரலால் நசுக்கினால் பிசுபிசுப்பான சாறு வரும், தொட்டிச் சுவரின் உட்புறத்திலும் நீலங்கலந்த வெள்ளைத் தடம் படிந்திருக்கும்.

கோபி கட்டுத்தரை | அக்டோபர் 26, இரவு 8.30

அம்மிணி அழகாகச் சொல்லிவிட்டாள். வடவள்ளி அம்மணிக்கு என் பங்குக்கு ஒன்று கேட்கிறேன்: தொட்டி மண் எங்கிருந்து வந்தது? கட்டுத்தரை எருவை ஆறு மாதமாவது மட்கவிடாமல் மண்ணோடு கலந்தால், எருவோடு புழுவும் வீட்டுக்குள் வந்துவிடும். கட்டைவிரல் கனத்தில், வளைந்து படுத்திருக்கும் வெள்ளைப் புழுவைப் பார்த்து ஆண்டுதோறும் யாராவது ஒருவர் என்னிடம் கேட்கிறார்கள். தென்னந்தோப்பு சூழ்ந்த நம் ஊர்களில் எருக்குழியில் கிடைப்பது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. அது மட்கியதைத் தின்று வளர்வது, வளர்ந்து வண்டான பிறகுதான் தென்னங்குருத்தைக் குடையும். அதைவிடச் சிறிதாக, நிலக்கடலை வேரைக் கடிக்கும் வேர்ப்புழு என்று வேறொன்று உண்டு. தொட்டியைப் பொறுத்தவரை இரண்டையும் பிரித்தறிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கிளறிப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டால் வேலை முடிந்தது. எருக்குழி வைத்திருப்பவர்கள் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையைக் குழியில் கலந்துவிட்டால் புழு அங்கேயே செத்துவிடும்.

மாவுப்பூச்சி என்று படித்ததும் பழைய நினைவு வந்தது. 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதன்முதலாகக் கோயம்புத்தூரில்தான் கண்டறியப்பட்டது; அடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எதையும் அது விடவில்லை. கடையில் இருந்த மருந்தையெல்லாம் வாங்கி அடித்தோம். மெழுகுப் போர்வைக்குள் மருந்து இறங்கவில்லை, அதைத் தின்ன வந்த நல்ல பூச்சிகள்தான் செத்தன. பிறகு 2010இல் பியூர்டோ ரிகோவிலிருந்து அசிரோபேகஸ் என்ற சிறு குளவியைத் தருவித்து, வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மற்ற ஆராய்ச்சி நிலையங்களும் பெருக்கி விட்ட பிறகே அது அடங்கியது. மண்ணுக்கடியில் இருக்கும் மாவுப்பூச்சிக்கு அந்தக் குளவி வராது என்பது தெரியும். ஆனாலும் மெழுகின் குணம் ஒன்றுதான், மேலே மருந்தை ஊற்றி அதை வென்றுவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

வடவள்ளி மாடித்தோட்டம் | அக்டோபர் 29, காலை 6.55

ஐயாவுக்கும் மாணவிக்கும் நன்றி. துளசித் தொட்டியின் வெண்மை வினிகர் பட்டதும் நுரைத்துப் போயிற்று. உருளைக்கிழங்கு வில்லையின் அடியில் பீஸ் லில்லி, மணி பிளான்ட், துளசி உட்பட ஒன்பது தொட்டிகளில் கறுப்புத் தலைப் புழுக்கள் இருந்தன. பாம்புச்செடியிலும் கற்றாழையிலும் இல்லை. இசட் இசட் செடியை உருவியபோது, கிழங்குகளுக்கு நடுவேயும் தொட்டியின் உட்சுவரிலும் மாவு அப்பியிருந்தது, நீர் உருண்டு ஓடியது. அதன் பக்கத்தில் ஒரே தட்டில் வைத்திருந்த கற்றாழை ஒன்றிலும் அதே நிலை. மண் கலவை கடையில் வாங்கியது. பெரும்பகுதி தேங்காய் நார்த்தூள் என்று பையில் போட்டிருக்கிறது. நாள் தவறாமல் காலையில் ஒரு குவளை நீர் ஊற்றுகிறேன்.

பொள்ளாச்சி நார்த்தூள் | அக்டோபர் 29, காலை 10.20

அக்கா, நான் பொள்ளாச்சியில் நார்த்தூள் கட்டி செய்யும் ஆலையில் வேலை செய்கிறேன். நாள்தோறும் ஒரு குவளை என்ற வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். நார்த்தூள் தன் எடையைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். ஆனால் மேற்பரப்பு மட்டும் அரை நாளில் வெளுத்துக் காய்ந்ததுபோலத் தெரியும். செம்மண் தொட்டியில் மேல்மண்ணைப் பார்த்து நீர் ஊற்றிப் பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான். விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பாருங்கள், அல்லது தொட்டியைக் கையில் தூக்கி எடையை உணருங்கள்; ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

இன்னொன்று, மழையில் திறந்தவெளியில் குவித்து, அரைகுறையாக மட்கிய தூளைக் கலவையில் சேர்த்திருந்தால் அது பூஞ்சைக்கு விருந்து, பூஞ்சை அந்த ஈயின் புழுவுக்கு விருந்து. நல்ல கட்டியாக வாங்கி, உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசி, செம்மண்ணும் பருமணலும் சேர்த்துக் கலந்தால் வீட்டுக்குள் வைக்கும் செடிக்கு நிறைவாக இருக்கும். எம்-சாண்ட் சேர்ப்பவர்கள் மாவு போன்ற தூசியைச் சலித்து நீக்கிவிட வேண்டும், இல்லையேல் அதுவே அடைத்துக்கொண்டு நீரைத் தேக்கும்.

பூச்சியியல் மாணவி | அக்டோபர் 29, இரவு 9.40

அம்மா, இப்போது தெளிவாகிவிட்டது. காளான் ஈயை முதலில் பார்ப்போம். ஒரு பெண் ஈ நூறு முதல் இருநூறு முட்டைகள் வரை ஈரமான மேல்மண்ணில் இடும். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் கடந்து மறுபடி ஈயாக, இப்போதைய சீதோஷ்ணத்தில் மூன்று நான்கு வாரங்கள் ஆகும். பறக்கும் ஈ ஏறத்தாழ ஒரு வாரமே வாழும், அது செடியைக் கடிப்பதில்லை. வேரின் நுனியையும் மெல்லிய தூவிகளையும் அரிப்பது புழு, அதுவும் மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். ஆகவே ஈயை அடிப்பதில் மட்டும் முனைந்தால் வேலை முடியாது, ஒரு வாரத்தில் நிறுத்தினாலும் முடியாது. ஒரு தலைமுறைக் காலமாவது விடாமல் செய்ய வேண்டும்.

மேல்மண் இரண்டு அங்குலம் நன்றாகக் காயும் வரை நீர் விடாதீர்கள். முட்டையும் இளம்புழுவும் வறட்சியில் பிழைப்பதில்லை. பீஸ் லில்லி துவண்டால் தொட்டியை அரை மணி நேரம் நீருள்ள பாத்திரத்தில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, பிறகு வடித்துவிடலாம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி, மண்ணுக்கு ஒரு விரல் உயரத்தில் படுக்கை வசமாக வையுங்கள்; உயரத்தில் தொங்கவிடும் அட்டையில் இந்த ஈ அவ்வளவாகச் சிக்காது. ஞாயிறுதோறும் எண்ணிக் குறித்து வைத்தால், குறைகிறதா என்பது தெரிந்துவிடும். புழுவுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற நுண்ணுயிரி இருக்கிறது. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்தது. கொசுப்புழுவுக்கு விற்கும் அதே பொருள்தான். புழு அதைத் தின்றால்தான் சாகும், முட்டைக்கும் ஈக்கும் அது ஒன்றும் செய்யாது. அதனால் வாரம் ஒரு முறை வீதம் நான்கு வாரம், பையில் போட்டிருக்கும் அளவுப்படி நீரில் கரைத்து ஊற்றுங்கள். கடையில் கேட்கும்போது கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். காலிபிளவர்ப் புழுவுக்கு விற்கும் குர்ஸ்டாகி என்பது அதே குடும்பத்தைச் சேர்ந்ததே தவிர, ஈயினப் புழுவை அது தொடாது.

திருப்பூர் தொட்டிச்செடி | அக்டோபர் 30, காலை 8.05

தங்கை எழுதிய பிறகு என் வீட்டு அலமாரியைப் பார்த்தேன். வைத்திருந்த குருணைப் பையில் போரேட் என்றே இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இத்தனை நாள் வைத்திருந்தேனே என்று மனம் கனத்தது. வேளாண்மை அலுவலகத்தில் ஒப்படைக்க வழி உண்டா என்று இன்றே போய்க் கேட்கிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் புழு சாகும் என்று ஒரு நண்பர் சொல்கிறார், அது சரியா?

பூச்சியியல் மாணவி | அக்டோபர் 30, பிற்பகல் 2.30

அண்ணா, நீங்கள் உடனே எடுத்துப் பார்த்தது பெரிய செய்தி. பெராக்சைடு பற்றி: மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு நீர் நான்கு பங்கு சேர்த்து ஊற்றினால், மேல்மண்ணில் அது நேராகப் படுகிற புழு சாகும். பிறகு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுவதால் மண்ணில் எச்சம் தங்காது. ஆனால் நல்ல நுண்ணுயிர்களும் அதில் சாகும். வேரழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையை இட்டவர்கள் இதை ஊற்றினால் இட்டது வீண். புழு மிகுதியாக உள்ள தொட்டியில் தொடக்கத்தில் ஒரு முறை ஊற்றலாம், வாராவாரம் வேண்டாம்.

ஈரோடு சதைச்செடி | நவம்பர் 2, மாலை 5.45

வேர் மாவுப்பூச்சியைப் பற்றி நான் எழுத வேண்டும், ஏனென்றால் ஒரே கோடையில் ஹாவொர்த்தியா என்ற சிறு சதைச்செடிகள் பதினொன்றை அதற்குக் கொடுத்தவன் நான். இலை வாடியதும் நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினேன், அதுதான் தவறு. இந்தப் பூச்சியை இலையில் பார்க்க முடியாது. செடி வளராமல் நிற்கும், நிறம் மங்கும், எறும்பு தொட்டித் துளையில் போய் வரும். அந்த எறும்பைத்தான் நான் கவனிக்காமல் விட்டேன். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு வருகிறது.

அக்கா, அந்த இரண்டு செடிகளையும் இப்போதே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பொரிந்த குஞ்சுகள் துளை வழியாக வடியும் நீரோடு ஒரே தட்டில் இருக்கும் அடுத்த தொட்டிக்குப் போகின்றன. உங்கள் கற்றாழைக்கு வந்ததும் அப்படித்தான் இருக்கும். பழைய மண்ணைத் தோட்டத்தில் கொட்டாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வேரைக் குழாய் நீரில் மண்துகள் ஒன்றும் தங்காதவாறு அலசி, அழுகிய வேர்களை வெட்டிவிட்டு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, கிழங்கின் இடுக்குகளில் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு மெழுகைக் கரைத்தால்தான் எண்ணெய் உள்ளே போகும். பிறகு இசட் இசட், கற்றாழை இரண்டையும் நான்கைந்து நாள் நிழலில் காயப்போட்டுப் புதிய கலவையில் நடலாம். கிழங்கிலும் இலையிலும் நீர் சேமித்திருக்கும் செடிகள், அஞ்ச வேண்டாம். தொட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி உருவிப் பாருங்கள், விட்டுப்போன முட்டை ஒன்று இருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும். நான் இரண்டு முறை செய்துதான் தப்பினேன்.

புதிய கலவையையும் சுத்தம் செய்துவிடுவது நல்லது. சித்திரை வெயிலில் ஈரமண்ணைக் கண்ணாடி போன்ற பாலித்தீன் பையில் கட்டி மொட்டை மாடியில் சில வாரம் போட்டாலே போதும், எங்கள் ஈரோட்டு வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இந்த மழைக்காலத்தில் அது நடக்காது. நான் சமையலுக்கு ஆகாத பழைய இட்லிப் பானையைத் தனியாக வைத்திருக்கிறேன். மண்ணைத் துணியில் கட்டி, நடுவில் ஒரு சிறிய உருளைக்கிழங்கைப் புதைத்து ஆவியில் வைத்து, கிழங்கு வெந்ததும் இறக்கி ஆறவிடுவேன். எருவையும் புண்ணாக்கையும் ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். ஒரு செய்தி சொல்ல மறந்தேன்: மணி பிளான்டுக்கு இது வந்தால் இவ்வளவு பாடு வேண்டாம், நுனியை வெட்டி நீரில் வேர்விடச் செய்து புதுச்செடி ஆக்கிக்கொண்டு பழையதை எறிந்துவிடலாம்.

கோபி கட்டுத்தரை | நவம்பர் 3, காலை 6.10

புண்ணாக்கு என்றதால் சொல்கிறேன். வேப்பம் புண்ணாக்கு நல்லதுதான், ஆனால் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் மேலே தூவினால் ஈரத்தில் பூஞ்சை பூத்து ஈயைக் கூப்பிடும். மண்ணில் கலந்துவிட வேண்டும். கடலைப் புண்ணாக்குக் கரைசலை வீட்டுக்குள் ஊற்றவே வேண்டாம். வேரில் உருண்டை உருண்டையாக முடிச்சு இருந்தால் அது மாவுப்பூச்சி அல்ல, வேர்முடிச்சு நூற்புழு; எங்கள் மஞ்சள் காட்டில் பார்க்காததா. அந்தச் செடியைத் தொட்டி மண்ணோடு அப்புறப்படுத்துவதே நல்லது. எதுவென்று பிடிபடாவிட்டால், செடியைப் பையில் கட்டி லாலி ரோட்டில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கோ, எங்கள் பக்கத்தவர்கள் கோபி மைராடா வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டலாம்.

வடவள்ளி மாடித்தோட்டம் | டிசம்பர் 7, காலை 7.30

ஆறு வாரம் ஆயிற்று. நடந்ததை எழுதுவது என் கடமை. குருணைப் பொட்டலத்தை நர்சரியில் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் அட்டையில் முதல் ஞாயிறு அறுபத்திரண்டு ஈக்கள், மூன்றாம் ஞாயிறு முப்பது, நேற்று நான்கு. நீரைக் குறைத்ததால் ஒரு செடியும் சாகவில்லை, துளசி முன்பைவிட அடர்ந்திருக்கிறது. இசட் இசட் செடியைக் கழுவி நட்டு, மூன்று வாரம் கழித்து உருவியதில் ஓரிடத்தில் மட்டும் மாவு தெரிந்தது, மறுபடி கழுவினேன். நேற்றுக் கிழங்கின் ஓரத்தில் பச்சையாக ஒரு முளை வந்திருக்கிறது. பேத்திதான் முதலில் பார்த்துக் கூப்பிட்டாள். கற்றாழையைக் காப்பாற்ற முடியவில்லை.

மீதமுள்ள நான்கு ஈக்களும் பீஸ் லில்லியைச் சுற்றியே இருக்கின்றன. அது அடியில் நீர்த்தொட்டி வைத்துத் திரி வழியாக உறிஞ்சும் வகைத் தொட்டி. மேல்மண்ணைக் காயவிட்டும் ஏன் போகவில்லை?

பூச்சியியல் மாணவி | டிசம்பர் 7, காலை 11.15

அம்மா, முளை வந்ததைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். அந்தத் தொட்டியில் திரி அடிமண்ணை எப்போதும் ஈரமாக வைத்திருக்கிறது, ஈ பக்கத்துத் துளை வழியாக உள்ளே போய் அங்கே முட்டையிடுகிறது. திரியை உருவிவிட்டு, நீர்த்தொட்டியைக் காலி செய்து காயவிடுங்கள். துளைகளை மெல்லிய கொசுவலைத் துண்டால் மூடி, மூன்று வாரம் மேலிருந்து மட்டும், மண் காய்ந்த பிறகு நீர் ஊற்றுங்கள். மஞ்சள் அட்டையை அந்தத் தொட்டியின் அடியோரமாக நகர்த்தி வையுங்கள்.